குழிக்குள் போன பிஸ்கோத்துத் தகரம்

எங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டி இந்தியாவுக்குப் போகிறவர்கள் சிதம்பரம் பார்க்கப் போவார்கள். கலியாணச் சேலை எடுக்கப் போவார்கள். வழக்கில் தோற்றவர்கள் கொஞ்ச நாள் முகத்தை மறைக்கப் போவதும் உண்டு. நான் மாட்டுத்தோல் பதனிடப் படிக்கப் போனேன். நாற்பத்திரண்டு வயதில், மூக்குக்கண்ணாடியும் குடையுமாக, ஒரு தவணைக் காலம் முழுக்க ஆம்பூரில் இருந்துவிட்டு வந்தேன். புறப்படும்போது சிரிக்காதவர் என் மனைவி அன்னம்மா ஒருத்திதான். நான் படலையைத் தாண்டிய பிறகு அவளும் சிரித்திருப்பாள்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடமாக நான் எழுத்தும் கணக்கும் படிப்பித்து வந்தேன். என்னிடம் படித்த கெட்டிக்காரர்கள் கந்தோரில் உட்கார்ந்து எழுதினார்கள்; மற்றவர்கள் அதே கந்தோர் வாசலில் மனுவோடு நின்றார்கள். கையால் ஒரு பொருளைச் செய்யப் பழக்குவதற்குப் பள்ளிக்கூடத்தில் ஓர் அறையாவது வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று பேசினேன். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன பள்ளிக்கூட மனேச்சர் ஒருநாள் சொன்னார்: “தோல் வேலை வகுப்பு வைப்பம். முதலிலை நீர் போய்ப் பழகிக்கொண்டு வாரும். உம்முடைய கையாலை பதனிட்ட ஒரு முழுத்தோல், அங்கை தரம் பிரிக்கிறவருடைய எழுத்தோடை என்ரை மேசைக்கு வரவேணும். இல்லாட்டில் அரிவரி வகுப்புத்தான் உமக்கு.” அரிவரி வகுப்பில் ஐம்பது சின்னப்பிள்ளைகள் மூக்கொழுக அழுவார்கள். எனக்கு அதைவிட மாட்டுத்தோல் மேல் என்று பட்டது.

ஆம்பூரில் இறங்கி, ஜட்காக்காரரிடம் “தோல் பதனிடும் இடத்துக்குப் போகவேணும்” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எந்த ஷாப்பு சாமி? இங்க திரும்பின பக்கமெல்லாம் ஷாப்புதான்” என்றார். பதனிடும் தொழிற்சாலையை அங்கே ஷாப்பு என்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. முதல் இரண்டு ஷாப்பில் என்னை யாரும் எதிர்பார்க்கவில்லை. இரண்டாவதில் மட்டும், வந்தவரைச் சும்மா விடுவானேன் என்று ஒரு குவளை மோர் கொடுத்தார்கள். மூன்றாவதில் என் கடிதம் வந்திருந்தது. கடிதத்தைப் படித்தவர்தான் வெளியூர் போயிருந்தார்.

வாடையைப் பற்றி ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். முதல் நாள் மோசம். மூன்றாம் நாள் பரவாயில்லை. பத்தாம் நாள் தேடினாலும் கிடைக்கவில்லை. கருவாடு காயும் கரையில் பிறந்தவனுக்கு அவ்வளவுதான்.

என்னை உள்ளே கூட்டிப்போனவன் மாணிக்கம். ஷாப்பில் தோல் ஊறுகிற பட்டைக் குழிகளுக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு. வயது இருபத்தாறு. என்னிடம் படித்திருந்தால் மூன்றாம் வாங்கில் உட்கார்ந்து என்னைப்போலப் பேசிக்காட்டிக்கொண்டு இருந்திருப்பான் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அப்படியே இரண்டாம் நாளே என்னைப்போலப் பேசிக்காட்டினான்.

“இன்னா வாத்தியாரே, மலையாளமா பேசறீங்க?”

“தமிழ்தான் தம்பி கதைக்கிறன்.”

“தமிழா இது! சரி, கேட்டுகினே இருந்தா புரிஞ்சிடும்” என்று எனக்கு ஆறுதல் சொன்னான்.

பட்டைக் குழிகள் இருக்கும் கொட்டகையின் வாசலில் ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளே நுழைகிறவர்கள் எல்லோரும் மடியைத் தட்டிப் பார்த்து, சாவி, பேனாக்கத்தி, ஆணி என்று எது இருந்தாலும் அதில் போட்டுவிட்டுத்தான் போனார்கள். வெளியே வரும்போது எடுத்துக்கொண்டார்கள்.

“இரும்பு ஏதாச்சும் வச்சிருந்தா இதுல போட்டுட்டு வாங்க வாத்தியாரே.”

“ஏன் தம்பி?”

“குழியில ஆத்தா இருக்குறா. இரும்பு அவளுக்கு ஆவாது.”

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் பேய்க்குப் பயந்து மடியில் இரும்பு முடிந்துகொள்வார்கள். அதெல்லாம் வீண் பயம் என்று இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறவன் நான். கடல் தாண்டி வந்தால் இங்கே இரும்புக்குப் பயப்படுகிறார்கள்! மரியாதைக்காக என் சாவிக்கொத்தைப் பெட்டியில் போட்டேன். டக்கென்று ஒரு சத்தம். மாணிக்கம் திருப்தியாகத் தலையை ஆட்டினான்.

வேலை இப்படி. பச்சைத்தோலை முதலில் ஊறவைத்து, பிறகு சுண்ணாம்புத் தொட்டியில் போடுவார்கள். மயிர் கழன்றதும் ஒரு சாய்ந்த மரத்திண்டின்மேல் விரித்து, இரண்டு பக்கமும் பிடியுள்ள கத்தியால் உட்புறத்துச் சதையைச் சீவி எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆவாரம்பட்டை ஊறிய குழி, கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீர், எண்ணெய், நிழலில் உலர்த்தல். ஆம்பூருக்கு வருமுன் சென்னையில் ஒரு சின்ன வகுப்பில் இதை எல்லாம் நான் புத்தகத்தில் படித்துப் பரீட்சையில் நல்ல புள்ளி வாங்கியிருந்தேன். மரத்திண்டின் முன் நின்றபோது அந்தப் புள்ளியில் ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை.

முதல் தோலில் நான் ஏழு இடத்தில் ஓட்டை போட்டேன். ஏழு என்பது கரீம் பாய் எண்ணிச் சொன்ன கணக்கு.

கரீம் பாய்தான் அந்த ஷாப்பில் தரம் பிரிக்கிறவர். என் வயதுதான் இருக்கும். வடக்குப் பார்த்த ஜன்னலடியில் ஒரு பலகை. அதன்மேல் வந்து விழும் ஒவ்வொரு தோலையும் புரட்டி, தடவி, மடித்து, முகர்ந்து, நாணல் பேனாவை மைக்கூட்டில் தொட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதுவார். உதவாததற்கு ஒரு பெருக்கல் குறி. எழுதிய பிறகு முதலாளியே வந்தாலும் மாற்றமாட்டார். அவர் என் முதல் தோலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

“மாஸ்டர், இது தோலா, சல்லடையா?”

பெருக்கல் குறி விழுந்தது. மனேச்சரின் மேசையும் ஐம்பது சின்னப்பிள்ளைகளும் கண்முன்னே வந்து போனார்கள்.

அடுத்த ஆறு வாரம் நான் சதை சீவுவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. ஷாப்பில் கழிக்கப்பட்ட துண்டுகள் எல்லாம் என்னிடம் வந்தன. மாணிக்கம் பக்கத்தில் நின்று என் வயிற்றைக் காட்டிக் காட்டிச் சொன்னான்: “கையால தள்ளாதீங்க வாத்தியாரே. கை சும்மா கத்தியப் புடிச்சுகினா போதும். வயித்தால தள்ளுங்க. மூச்சு உட்டுகினே தள்ளுங்க.” வயிற்றால் தள்ளும் வேலைக்கு ஏற்ற வயிறு என்னிடம் இருந்தது. ஆனாலும் நான்காம் வாரம்தான் கத்தி நான் சொன்னதைக் கேட்டது. சீவல் கிழியாமல் ஒரே நீளமாகச் சுருண்டு விழுந்த அன்று நான் வாய்விட்டுக் கத்தினேன். கையை வெட்டிக்கொண்டேன் என்று நினைத்து நாலு பேர் ஓடிவந்தார்கள்.

நடுப்பகல் சாப்பாடு மாணிக்கத்தோடும் அவன் மனைவி செங்கேணியோடும். செங்கேணியும் அதே ஷாப்பில்தான் பட்டை இடித்தாள். அவள் கொண்டுவரும் கேழ்வரகுக் களியை நான் முதல் நாள் மென்றேன், தாடை ஒட்டிக்கொண்டது. “அய்யே, களிய யாராச்சும் மெல்லுவாங்களா? முழுங்குங்க” என்றாள். கீரைக் குழம்பில் புரட்டி விழுங்கிப் பழகிய பிறகு, பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் எங்கள் ஒடியல் கூழுக்கு அடுத்தபடி உடம்புக்குத் தெம்பு தருவது இதுதான் என்று முடிவு செய்தேன். ஒடியல் கூழில் நண்டு, இறால், பலாக்கொட்டை எல்லாம் போடுவோம் என்று சொன்னதை அவள் கடைசிவரை நம்பவில்லை. நான் வீட்டு நினைவில் ஏதோ உளறுகிறேன் என்று நினைத்து இன்னொரு உருண்டை வைத்தாள்.

தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் கையால் சாப்பிடுகிறேன் என்று எழுதினால், ஊரில் எங்கள் ஆட்களிலேயே சிலர் என் கடிதத்தைத் தண்ணீர் தெளித்துத்தான் தொடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே கோயிலில் முழந்தாளிடுகிறவர்கள்தான். எனக்கு அதில் கோபம் உண்டு. அதனால் களியின் ருசி உட்பட எல்லாவற்றையும் விவரமாக எழுதி அனுப்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கரீம் பாய் வீட்டில் விருந்து. பிரியாணியும், புளிப்பும் எள்ளுமாகக் குழைந்த கத்தரிக்காயும். நாங்கள் எதற்கும் தேங்காய்ப்பால் விடுகிறவர்கள். இங்கே ஒரு சொட்டு இல்லாமல் இவ்வளவு ருசி எங்கிருந்து வருகிறது என்று மூன்றாம் தரம் வாங்கியும் எனக்குப் புரியவில்லை. திரைக்கு அப்பால் இருந்து அவருடைய தாயார் உருதுவில் ஏதோ சொன்னார். வீடு முழுக்கச் சிரித்தது. “இன்னா சொல்றாங்க?” என்று நானும் அந்த ஊர்க்காரனாகவே கேட்டேன். கரீம் பாய் தமிழில் சொன்னார்: “கை முழுக்க பட்டைக்கறை. தோல்காரர் தட்டுல கைய வெக்கறப்பவே தெரியுது, வாத்தியார்னு எதுக்குப் பொய் சொல்றார்னு கேக்கறாங்க.” என் கையைப் பார்த்தேன். இருபது வருடச் சுண்ணக்கட்டி வெள்ளை போய், விரலெல்லாம் நல்ல தேயிலைச் சாய நிறம். அன்றிரவு அன்னம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் முதல் வரி அதுதான்.

மார்ச் மாதத்தில் எனக்கு இரண்டாவது தோல் கொடுத்தார்கள். இதுதான் என் தோல். ஊறவைத்ததும் சுண்ணாம்பில் புரட்டியதும் சதை சீவியதும் நானே. சீவும்போது மாணிக்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். தோல் குழியில் இறங்குமுன் அதன் பின்னங்கால் ஓரத்தில் கத்தியால் சின்னதாக மூன்று வெட்டு வெட்டினான்.

“மூணு வெட்டு உங்க அடையாளம் வாத்தியாரே. எத்தினி தோலுக்கு நடுவுல கெடந்தாலும் கண்டுபுடிச்சிடலாம்.”

எனக்கு அந்த மூன்று வெட்டில் அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. குழிக்குள் நாற்பது தோல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். எல்லாவற்றின் ஓரத்திலும் இரண்டு, நான்கு, ஐந்து என்று வெட்டுகள். ஆனாலும் தினமும் நானே தோலை எடுத்து, உதறி, புரட்டிப் போட்டதால் கவலை இல்லாமல் இருந்தது. பட்டைத் தண்ணீரில் அது நாளுக்கு நாள் நிறம் ஏறுவதைப் பார்க்க அடுப்பில் அப்பம் வேகுவதைப் பார்ப்பதுபோல இருந்தது.

பெரிய வெள்ளிக்கு வேலூர் போகத் தீர்மானித்தேன். உயிர்த்த ஞாயிறு முடிந்து திங்கட்கிழமைதான் திரும்பலாம். நான்கு நாள் என் தோலை வேறு கைகள் புரட்டும். யாராவது மாற்றி எடுத்துவிட்டால்? ஊருக்குத் திரும்ப மூன்று வாரம்தான் இருந்தது. இன்னொரு தோலுக்கு நேரமில்லை. வியாழன் மாலை என் அறையில் இருந்த பிஸ்கோத்து டப்பாவின் மூடியை வெட்டி, ஆணியால் என் பெயரைக் குத்தி எழுதினேன். இரண்டு முழம் கம்பியில் கோத்தேன். அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு மரப்பெட்டியைத் தாண்டினேன். சாவிக்கொத்தை மட்டும் ஒழுங்காகப் பெட்டியில் போட்டேன். பிஸ்கோத்துத் தகரத்தையெல்லாம் யாராவது இரும்பு என்பார்களா? தோலின் கழுத்தோரத்தில் கம்பியை முடிந்து, நிம்மதியாக வேலூர் போனேன்.

வேலூரில் வெயிலைத் தவிர எல்லாம் நன்றாக இருந்தது. கோட்டை அகழியைச் சுற்றி நடந்தேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் மூன்று மாதத்துக்குப் பிறகு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டேன். உயிர்த்த ஞாயிறு பூசையில் தூங்காமல் இருந்தேன்.

திங்கட்கிழமை கொட்டகைக்குள் நுழைந்தபோது மாணிக்கம் என் தோலை மரத்திண்டின்மேல் விரித்துப்போட்டிருந்தான். கம்பியும் தகரமும் அவன் கையில். அவன் முகத்தில் அன்றுதான் முதல்முறையாகக் கேலி இல்லை.

“இத யாரு போட்டது?”

“நான்தான் தம்பி.”

தோலின் முதுகு நடுவில், இருப்பதிலேயே நல்ல இடத்தில், ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பு. அதிலிருந்து கழுத்துவரை கம்பி கிடந்த வழியெல்லாம் கறுப்புக் கோடு. சுற்றியிருந்த மற்ற இடம் பொன்னிறமாக இருந்ததால் இது இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. நான் இல்லாத நாளில் அந்தக் குழியை யாரும் புரட்டவில்லையாம்; என் தோல் மேலாகக் கிடந்ததால் மற்றத் தோல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாணிக்கம் திட்டவில்லை. தகரத்தைக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டான். அவன் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

செங்கேணி ஒரு கூடை எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். “துணியில துருக்கறை பட்டா நாங்க இதாலதான் தேய்ப்போம்.” மூவரும் உட்கார்ந்து தேய்த்தோம். கறுப்பு சாம்பலானது; சாம்பலுக்கு மேல் போகமாட்டேன் என்றது. அவள் களைத்துப்போய் மிச்சப் பழத்தை உப்போடு ஊறவைக்க எடுத்துக்கொண்டு போனாள்.

நான் என் விரலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீலம் கலந்த கறுப்பு. இந்த விரலை எனக்குத் தெரியும். ஒவ்வொரு தை மாதமும் பள்ளிக்கூடத்துக்கு மை காய்ச்சுகிறவன் நான். கடுக்காயை இடித்து ஊறவைத்து, அன்னபேதி போட்டால் இதே கறுப்பு வரும். இதே இரண்டு விரலிலும் பிடிக்கும். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. கடுக்காயில் உள்ள துவர்ப்புத்தான் ஆவாரம்பட்டையிலும். இருபது வருடம் மை காய்ச்சியவன், மைக்கூட்டுக்குள் இரும்பைப் போட்டுவிட்டுப் பூசைக்குப் போயிருக்கிறேன்! ஆத்தாவுக்கு இரும்பு ஆகாது என்று அவர்கள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஏன் என்று தெரிந்துகொள்ளும் அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. எனக்கு இருந்தது, நான்தான் சிரித்தேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது எனக்கு.

“மையைக் கழுவ ஏலாது தம்பி” என்றேன். “முழுத்தோலையும் மையாக்கிவிட்டால் என்ன?”

மாணிக்கம் யோசித்தான். “வாலாஜாவுல துணிக்கு கறுப்பு போடறவங்க இருக்காங்க. எங்க அக்காவ அங்கதான் குடுத்திருக்குது. போவலாமா?”

மறுநாளே போனோம். வாலாஜா ரோட்டில் இறங்கி ஜட்கா பிடித்தோம். பாதி வழியில் ஒரு வறண்ட வாய்க்காலின் மணலில் சக்கரம் புதைந்தது. குதிரை நின்றுவிட்டது. வண்டிக்காரர் குதிரையிடம் முதலில் கெஞ்சினார், பிறகு அதன் தாயாரைப் பற்றிப் பேசினார். நானும் மாணிக்கமும் இறங்கித் தள்ளினோம். “வயித்தால தள்ளுங்க வாத்தியாரே!” என்று அவன் கத்தினான். வண்டி நகர்ந்தது, என் குடை மணலுக்குள் இருந்து இரண்டாக வந்தது.

சாயக்கார அம்மாள் பெரிய மனுஷி, தெலுங்கு பேசுகிறவர். நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் உள்ளே இருந்த மருமகளைக் கூப்பிட்டுத் தெலுங்கில் ஏதோ சொன்னார். இருவரும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாணிக்கம் எனக்குச் சொன்னான்: “மாட்டுக்குப் பொடவ கட்டப் போறாங்களாம்னு சொல்லுது.” ஆனால் அம்மாள் வஞ்சகமில்லாமல் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். துருப்பிடித்த லாடமும் ஆணியும் வெல்லத்தண்ணீரில் வாரக்கணக்காக ஊறிப் புளித்திருந்த ஒரு பானையைக் காட்டினார். “மொதல்ல கடுக்கா தண்ணி. அது காஞ்சப்புறம் இத துணியில தொட்டு ஒத்தணும். ஒரு பக்கம் மட்டும்தான். ஜாஸ்தி உட்டா தோல் செத்துப்பூடும். ஒடனே நல்ல தண்ணியில கழுவிடணும்.” ஒரு சின்னப் பானையில் ஊற்றி, வாயில் துணி கட்டித் தந்தார்.

திரும்பும் ரயிலில் பானை என் மடியில். புளித்த வெல்லமும் வெயிலும் சேர்ந்து பெட்டி முழுக்கக் கள்ளு வாடை. மூக்குக்கண்ணாடி, கோட்டு, உடைந்த குடை, மடியில் பானை. எதிரில் இருந்த அம்மாள் பிள்ளையை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் குனிந்து, “சாமி, ஒரு மடக்கு” என்று மெதுவாகக் கேட்டார். “இது சாயம் ஐயா” என்றேன். “எல்லாரும் அப்டிதான் சொல்றாங்க” என்று வருத்தத்தோடு திரும்பிக்கொண்டார்.

மாணிக்கம் அந்தப் பானையைக் கொட்டகைப் பக்கம் வரவே விடவில்லை. ஷாப்புக்கு வெளியே புளியமரத்தடியில் பலகை போட்டு அங்கே வேலையை வைத்துக்கொண்டோம். கடுக்காய்த் தண்ணீர் காய்ந்த தோலின்மேல் துணியைத் தொட்டு ஒத்தினேன். தொட்ட இடமெல்லாம் கண்ணெதிரே கறுத்தது. பழைய சாண் கறை எங்கே இருந்தது என்று சிறிது நேரத்தில் எனக்கே தெரியவில்லை. கழுவி, எண்ணெய் போட்டு, நிழலில் காயவைத்து, கண்ணாடிக் கட்டையால் தேய்த்தபோது மழையில் நனைந்த எருமைபோலப் பளபளத்தது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அந்த ஷாப்பிலிருந்து கறுப்புத் தோல் வெளியே போனதே இல்லை.

கடைசி நாள் கரீம் பாயின் பலகையில் அதை விரித்தேன். சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். அவர் நாணல் பேனாவைக் கையில் எடுத்தார், தோலைப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்தார்.

“எங்க எழுதறது மாஸ்டர்? என் மையும் கறுப்பு, உங்க தோலும் கறுப்பு.”

யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

“பேஜார் பண்ணிட்டீங்களே. லண்டனுக்குப் போற கட்டுல இத வெக்க முடியாது” என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். “ஒண்ணு கேக்கறேன். இந்தக் கறுப்பு தெரிஞ்சு போட்டதா, தெரியாம வந்ததா?”

தெரிந்து போட்டது என்று சொல்லிவிட்டால் போதும். வாய்வரை வந்தது. வகுப்பு, அறை, மரத்திண்டு எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. பக்கத்தில் மாணிக்கம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஒரு சாண் தெரியாமல் வந்தது” என்றேன். “மிச்சம் தெரிந்து போட்டது.”

 கரீம் பாய் தோலைத் தூக்கிப் புரட்டிப் போட்டார். உட்புறம் சாயம் படாமல் பொன்னிறமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கழுத்திலிருந்து வால்வரை விரலை ஓட்டினார். வயிற்றோரம் ஒரு இடத்தில் விரல் நின்றது, திரும்பிவந்தது, மறுபடி போனது.

“ஓட்டை இல்ல. கத்தி வெட்டு ஒண்ணுகூட இல்ல. இந்தப் பக்கம் யாரு வேல?”

“வாத்தியாரேதான் பாய்” என்றான் மாணிக்கம். “நான் கத்தியத் தொடவே இல்ல.”

“அந்தப் பக்கம் நடந்தது விபத்து. கை எப்படின்னு இந்தப் பக்கம்தான் சொல்லும்” என்று சொல்லிவிட்டுப் பேனாவை மைக்கூட்டில் தோய்த்தார். எனக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

“பாய், அந்த மை எதிலை காய்ச்சினது?”

“கடுக்காயும் அன்னபேதியும். வேற இன்னா?” என்றபடி கழுத்தோரத்தில் ‘2’ என்று எழுதினார். “ஒண்ணு குடுத்திருப்பேன். அந்த ஒரு சாணுக்காக கம்மி பண்ணிட்டேன்.” என் தோலைக் கெடுத்த அதே கறுப்பு அதன்மேல் எழுத்தாக உட்கார்ந்தது. தொட்டுப் பார்க்க வேண்டும்போல இருந்தது. காய்கிறவரை தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

புறப்படும்போது செங்கேணி ஒரு ஜாடியைக் கையில் கொடுத்தாள். என் தோலைத் தேய்த்து மிஞ்சிய எலுமிச்சம்பழங்களின் ஊறுகாய். மாணிக்கம் ஸ்டேஷன்வரை வந்து, வண்டி நகரும் நேரத்தில் மடியிலிருந்து எடுத்து நீட்டினான். “உங்க சாமான் பொட்டியிலயே கெடந்துச்சு வாத்தியாரே.” கம்பியில் கோத்த பிஸ்கோத்துத் தகரம். என் பெயர் துருப்பிடித்து நன்றாகத் தெரிந்தது.

மனேச்சர் கறுப்புப் பக்கத்தைப் பார்த்துவிட்டு “வடிவாய் இருக்கே!” என்றார். நான் அதைப் புரட்டிப்போட்டு இரண்டைக் காட்டினேன். ஏன் ஒன்று இல்லை என்று கேட்டார். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்து ஓய்ந்த பிறகு, கிணற்றடிக்குப் பக்கத்தில் உள்ள அறையைத் திறந்துவிடச் சொன்னார்.

வகுப்பு தொடங்கிய அன்று பன்னிரண்டு பேர் வந்தார்கள். நான் கரும்பலகையில் ஒன்றும் எழுதவில்லை. வாசலில் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தேன். அதன் அடியில் என் பெயர் எழுதிய தகரம் கிடந்தது. “இரும்பு வைத்திருந்தால் இதில் போட்டுவிட்டு உள்ளே வாருங்கள்” என்றேன். “ஏன் சேர்?” என்று ஒருவன் சிரித்துக்கொண்டே கேட்டான். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். அடுப்பில் கடுக்காய்த் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதைக் காட்டித்தான் முதல் பாடம். அதற்கு முன் மடியைத் தட்டிப் பார்த்து, என் சாவிக்கொத்தைப் பெட்டியில் போட்டேன்.